ஸ்பிரிங்கை அறுத்தால் கார் இறங்கும், ஆபத்து ஏறும்!

பழைய காரைத் தாழ்த்த ஆசைப்படும் வாலிபர்களுக்குப் புதுப்பேட்டை மெக்கானிக் எச்சரிக்கை

– நமது நிருபர் –

சென்னை புதுப்பேட்டையில் ஒரு மெக்கானிக் ஷெட். மாலை 5 மணி. சிவப்பு நிற மாருதி 800 ஒன்று வந்து நின்றது. 2005-ம் வருட மாடல். அதிலிருந்து ஒரு வாலிபர் இறங்கினார். கையில் செல்போன். போனில் ஒரு படம். தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும் கார்!

"அண்ணே, என் வண்டியையும் இதே மாதிரி இறக்கணும். ரெண்டு சுத்து ஸ்பிரிங்கை அறுத்து விட்டுருங்க. எட்டாயிரம் வெச்சிருக்கேன்" என்றார்.

மெக்கானிக் பதில் சொல்லவில்லை. உள்ளே போய் ஒரு ஸ்பிரிங்கை எடுத்து வந்து பெஞ்சு மீது போட்டார். ஒரு முனை கட்டிங் வீலில் அறுக்கப்பட்டு மொட்டையாக இருந்தது.

"இதை அறுத்தவன் நான் இல்லை தம்பி. கழற்றினவன்தான் நான்" என்றார். பிறகு அந்தக் கதையைச் சொன்னார்.

குடும்பத்தோடு நடுரோட்டில்

வேறு ஒரு ஷெட்டில் ஸ்பிரிங்கை அறுத்துக்கொண்ட ஒருவர், மனைவி, தாயாருடன் கோவிலுக்குப் போயிருக்கிறார். வழியில் ஒரு வேகத்தடை. காரின் அடிவயிறு "டமார்" என்று இடித்தது. என்ஜின் ஆயில் இருக்கும் சேம்பர் பிளந்துவிட்டது. அது தெரியாமல் அவர் ஓட்டிக்கொண்டே போக, ஆயில் முழுவதும் கொட்டி, என்ஜின் இறுகி நடுரோட்டில் நின்றுவிட்டது. பின்னால் வந்த லாரி எப்படியோ பிரேக் பிடித்து நின்றதாம். மூன்று பேரும் பிழைத்தது அதிர்ஷ்டம்தான்!

கணக்கு என்ன?

மாருதி 800-க்குத் தரையிலிருந்து 17 சென்டிமீட்டர் இடைவெளி வைத்துத்தான் கம்பெனி கொடுத்தது. இரண்டு அங்குலம் இறக்கினால் மிச்சம் 12 சென்டிமீட்டர். நாலு பேர் ஏறி உட்கார்ந்தால் இன்னும் அமுங்கும். விதிப்படி போடும் வேகத்தடையே 10 சென்டிமீட்டர் உயரம். நம் தெருக்களில் விதிப்படியா போடுகிறார்கள்? வாசகர்களே கணக்குப் போட்டுக்கொள்ளட்டும்.

"உயரம் குறையறது மட்டும் இல்லை சார்" என்று நம்மிடம் திரும்பினார் மெக்கானிக். "ஆறு சுத்து வேலை செய்யற ஸ்பிரிங்குல ஒரு சுத்தை வெட்டினா, மிச்சம் அஞ்சு சுத்து அஞ்சுல ஒரு பங்கு கூடுதலா முறுக்கிக்கும். வண்டி தூக்கித் தூக்கிப் போடும். பழைய ஷாக் அப்சார்பரால அதை அடக்க முடியாது. சக்கரம் பள்ளத்துல தொங்கினா, குட்டையான ஸ்பிரிங் லூஸாகி இடத்தை விட்டு நகர்ந்துடும். கேஸ் வெல்டிங்ல சூடு காட்டி அமுக்கறவனும் இருக்கான். அது இன்னும் மோசம். ஸ்பிரிங்கோட பதமே போயிடும்."

சரியான வழி எது?

இறக்கியே தீரவேண்டும் என்றால், அதற்கென்றே குட்டையாகவும் கெட்டியாகவும் செய்த ஸ்பிரிங் போட வேண்டும். அதோடு பொருந்துகிற ஷாக் அப்சார்பரும் வேண்டும். ஒன்றை மாற்றி மற்றதை விட்டால் காசு தண்டம். மரை திருகி உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் 'காயில் ஓவர்' செட்டும் உண்டு. விலை அதிகம்.

அம்பாசிடர் போன்ற பழைய வண்டிக்கு வழி வேறு. பின்னால் கமான் பட்டை. அச்சுக்கும் பட்டைக்கும் நடுவே கட்டை கொடுத்து, நீளமான 'யு' போல்ட் போட்டு இறக்குவார்கள். முன்னால் இருப்பது முறுக்குக் கம்பி. அதன் பல்லை மாற்றிப் பொருத்தினால் உயரம் மாறும்.

எப்படி இறக்கினாலும் ஓர் அங்குலத்தோடு நிறுத்துவது நல்லது. இறக்கிய மறுநாளே வீல் அலைன்மெண்ட் பார்க்க வேண்டும். இல்லையென்றால் சக்கரம் சாய்ந்து டயரின் உள்பக்கம் மட்டும் தேயும். வெளியிலிருந்து பார்த்தால் புது டயர் மாதிரியே இருக்கும். உள்ளே கம்பி தெரியும்!

சட்டம் சும்மா விடாது

கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. அதே வருடம் வந்த திருத்தப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5 ஆயிரம் அபராதம், அல்லது 6 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும். 'ஸ்பிரிங் மாற்றுவதெல்லாம் இதில் வருமா?' என்று வாதாடலாம். ஆனால் ரோட்டில் மடக்கும்போது வாதாட வேண்டியவர் வண்டிக்காரர்தான்.

இன்னொன்று. 15 வருடம் தாண்டிய சொந்தக் காருக்கு 5 வருடத்துக்கு ஒரு முறை ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். பழைய காரை இறக்கியவர் அன்றைக்கு இன்ஸ்பெக்டர் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான்.

டேப்பை எடுத்தார்

எல்லாவற்றையும் கேட்ட வாலிபர், "அப்போ ஒண்ணுமே பண்ண முடியாதாண்ணே?" என்றார் சோர்வாக.

மெக்கானிக் டேப்பை எடுத்தார். சக்கரத்தின் நடு மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு பக்கமும் அளந்து, சுண்ணாம்புக் கட்டியால் தரையில் எழுதினார். பின்பக்கம் இடது புறம் மட்டும், வலது புறத்தை விட இரண்டு சென்டிமீட்டர் குறைவு!

"பாரு தம்பி. உன் வண்டி ஏற்கனவே இறங்கிடுச்சு. ஒரு பக்கமா! ஸ்பிரிங் தளர்ந்து போச்சு. இதுல நான் எதை அறுக்க?"

அடுத்து மட்கார்டை அழுத்தி விட்டார். கார் ஒரு முறை எழும்பி நிற்காமல் மூன்று முறை ஆடியது. ஷாக் அப்சார்பரும் போய்விட்டது என்று அர்த்தம். அடியில் குனிந்து பார்த்தால் ரப்பர் புஷ்கள் வெடித்துக் கிடந்தன.

வாலிபர் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு எட்டாயிரத்தை எடுத்து நீட்டினார்.

"முதல்ல புஷ்ஷும் ஷாக் அப்பும் போடுங்கண்ணே. பின்னாடி ரெண்டு ஸ்பிரிங்கும் அடுத்த மாசச் சம்பளத்துல ஜோடியா மாத்திடலாம். ஞாயித்துக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கிட்டுத் திருத்தணி போகணும்."

மெக்கானிக் பணத்தை எண்ணவில்லை. அறுத்த ஸ்பிரிங்கை எடுத்துப் பழையபடி ஆணியில் மாட்டினார்.

"அடுத்து ஒருத்தன் வருவான் சார். அவனுக்கும் காட்டணுமே!" என்றார்.