நடுவர் காணாத வீழ்ச்சி

கால்பந்தாட்டத்தில் இரு சாராரும் பந்தின்பொருட்டு நெருங்கிப் பொருதுங்கால், ஆட்டக்காரர் கீழே விழுதல் இயல்பு. எதிராளியின் கால் இடறி விழுவாரும் உளர். ஈரப் புல்லில் தாமே வழுக்கி விழுவாரும் உளர். எவரும் இடறாதிருக்கவும் இடறுண்டார்போல் விழுந்து புரள்வாரும் உளர். இம்மூன்றாமவர் செயலைப் பொய்வீழ்ச்சி எனலாம். கோலுக்கு முன்னுள்ள தண்ட எல்லைக்குள் இதற்கு ஆசை மிகுதி. அவ்வெல்லைக்குள் ஒருவரை இடறி வீழ்த்தினால் பெனால்டி கிடைக்கும். கோலிலிருந்து 11 மீட்டர் தொலைவில் வைத்த பந்தை, கோல் காப்பவர் ஒருவரே எதிர்நிற்க, உதைக்கும் வாய்ப்பு அது.

ஆட்ட விதிகளுள் 12ஆம் விதி, நடுவரை ஏமாற்ற முயல்வாருக்கு மஞ்சள் அட்டை காட்டுமாறு கூறுகிறது. ஒரே ஆட்டத்தில் இருமுறை அதனைப் பெற்றவர் களத்தை விட்டு வெளியேறல் வேண்டும்.

இனி, வீழ்ச்சியைத் தெளிவாகக் காணாத நடுவர் யாது செய்வார்? 'பெனால்டி கொடு, இன்றேல் அட்டையைக் காட்டு' என்று பார்வையாளர் கூவுவர். கூவுவார்க்கு இரண்டே வழிகள். விதி அறிந்தார்க்கு மூன்று. இடறப்படவில்லை என்பதனாலேயே ஒருவன் ஏமாற்றினான் என்றாகிவிடாது. ஓங்கிய காலுக்குத் தப்பத் துள்ளி விழுந்திருக்கலாம். ஓடிய வேகத்தில் நிலை தடுமாறியிருக்கலாம். பெனால்டி கொடுக்க எதிராளியின் குற்றம் தெளிய வேண்டும். அட்டை காட்டவோ வீழ்ந்தவனின் வஞ்சக எண்ணமே தெளிய வேண்டும். இரண்டும் தெளியாவிடத்து நடுவர் சீழ்க்கை ஊதார். ஆட்டம் தொடர்க எனக் கையசைப்பார். வழக்கு மன்றத்து நீதிபதி தீர்ப்பை மறுநாளைக்குத் தள்ளிவைக்கலாம். களத்து நடுவருக்கு வாய்த்தவை இரண்டொரு நொடிகளே. ஆதலின் ஊதாதிருத்தலும் அவர் வழங்கும் தீர்ப்பேயாகும்.

எனினும், காணாதிருந்துவிடுவதற்கு அவர் எளிதில் உடன்படுவதில்லை. ஆட்டக்காரர் இருவருக்கும் நேர் பின்னே நின்றால், ஒருவர் முதுகு மற்றவர் காலை மறைக்கும். சற்றுத் தொலைவாயினும் பக்கவாட்டில் நின்றால் இருவருக்கும் இடையேயுள்ள வெளி புலப்படும். அதற்காகவே அவர் களத்தில் மூலைக்கு மூலை சாய்வாக ஓடுகிறார். பக்கக் கோடுகளில் கொடியேந்திய துணை நடுவர் இருவர் உளர். தமக்கு மறைந்தது அவர்க்குத் தெரிந்ததாவெனச் செவிக்கருவியால் கேட்டறிவார். கால் பட்டதற்கும் விழுந்ததற்கும் இடையே காலம் நீளுதல், கைகளை மேலே வீசுதல், விழும்போதே நடுவரை நோக்குதல் ஆகியன ஐயத்தை எழுப்பும். ஆயின் இவை சான்றாகா. மெய்யாகவே இடறுண்டவரும் நடுவரை நோக்குவரன்றோ?

இங்கிலாந்தில் 2017ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், கிறிஸ்டல் பேலஸ் அணியோடு ஆடிய எவர்ட்டன் அணியின் உமர் நியாஸ் வீழ்ந்ததற்குப் பெனால்டி கிடைத்தது. அது கோலாகவும் ஆயிற்று. பின்னர்ப் படப்பதிவை ஆராய்ந்து, அவர் நடுவரை ஏமாற்றினார் என முடிவு செய்து, இரண்டு ஆட்டங்களுக்கு அவரை விலக்கினர். ஆயினும் 2-2 என்னும் ஆட்ட முடிவு மாறவில்லை. காலங்கடந்த நீதி தோற்றவர்க்கும் உதவாது, சமன் செய்தவர்க்கும் உதவாது.

களத்திலேயே பிழை திருத்தும் காணொளித் துணை நடுவர் முறை 2018ஆம் ஆண்டில் விதிகளில் இடம்பெற்றது. ஆயின் களத்துத் தீர்ப்பு வெளிப்படையான பிழையாக இருந்தாலன்றி அம்முறை குறுக்கிடாது. அவ்வாண்டு உலகக் கோப்பையில், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் பிரேசிலும் கோஸ்ட்டாரிக்காவும் மோதின. பிரேசிலின் நெய்மார் எல்லைக்குள் பின்புறமாகச் சாய்ந்தார். நெதர்லாந்து நாட்டு நடுவர் பியோர்ன் குய்ப்பர்ஸ் பெனால்டி என்று அறிவித்தார். பின்னர்த் திரையருகே சென்று பார்த்தார். எதிராளியின் கை மேலே பட்டிருந்தது. வீழ்த்தும் அளவுக்கு அன்று. பெனால்டியை அவர் நீக்கினார். ஆயின் அவ்வீழ்ச்சிக்காக நெய்மாருக்கு அட்டை காட்டவுமில்லை. ஆட்டம் தொடர்ந்து நடந்தது.