கை ஏன் செல்பேசியை நாடுகிறது?

1945 ஜூலையில் நியூயார்க் நகரில் செய்தித்தாள் விநியோகிக்கும் ஊழியர்கள் இரண்டு வாரங்களுக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தனர். பத்திரிகை இல்லாததால் எதை இழந்தீர்கள் என்று பெர்னார்டு பெரல்சன் என்ற ஆய்வாளர் வாசகர்களைக் கேட்டறிந்தார். முக்கியச் செய்திகளை இழந்ததாகப் பலர் கூறினர். எந்தச் செய்தி என்று கேட்டால் பலருக்கு விடை தெரியவில்லை. சிலர் பழைய தாள்களையே மீண்டும் படித்துக்கொண்டிருந்தனர்! அவர்கள் இழந்தது செய்தியை மட்டுமன்று, படிக்கும் பழக்கத்தையும்தான்.

இன்றைய செல்பேசிக்கும் இது பொருந்தும். கல்லூரியில் சேரும் இளைஞர் வீட்டாருடன் பேசவும் நண்பர்களுடன் பழகவும் அதை வாங்குகிறார். பின்னர் வேலை தேடவும், பணம் செலுத்தவும், வழி அறியவும் அது உதவுகிறது. இவை தேவைகள். ஆனால் நாளடைவில் பேருந்துக்குக் காத்திருக்கையில், ஒரு தேவையும் இல்லாதபோதே, கை சட்டைப்பைக்குள் போகிறது. காரணம் எப்போது மாறியது?

விடையைப் புறாக்களிடம் காணலாம். ஃபெர்ஸ்டர், ஸ்கின்னர் என்ற உளவியல் அறிஞர்கள் தம் சோதனைகளை 1957-இல் நூலாக வெளியிட்டனர். ஒரு பொத்தானைப் புறா கொத்தினால் தானியம் கிடைக்கும். குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு ஒருமுறை தானியம் விழுந்தால், தின்றபின் புறா சற்று ஓய்ந்தது. எத்தனையாவது கொத்தலுக்கு விழும் என்பது மாறிக்கொண்டே இருந்தாலோ, ஓயாமல் கொத்தியது!

செல்பேசியைத் திறக்கும்போதெல்லாம் நல்ல செய்தி வந்திருப்பதில்லை, எப்போதாவது வருகிறது. அந்த 'எப்போதாவது'தான் நம்மை இழுக்கிறது. மேலும் புத்தகத்தில் பக்கம் முடியும், கண் நிற்கும். முடிவின்றி நகரும் திரையை அசா ராஸ்கின் 2006-இல் வடிவமைத்தார். அதில் நிற்க இடமே இல்லை.

இயற்பியலில் அளக்காமல் முடிவு கூறுவதில்லை. நீங்களும் அளந்து பாருங்கள். ஒரு நாள் முழுவதும், செல்பேசியை எடுக்குமுன் காரணத்தை ஒரு சொல்லில் குறித்துக்கொள்ளுங்கள். கீழே வைக்கும்போது அந்தக் காரியம் முடிந்ததா, வேறெங்கோ போய்விட்டீர்களா என்றும் எழுதுங்கள். அண்ணன், அக்காவையும் இதைச் செய்யச் சொல்லி, இரு பட்டியல்களையும் ஒப்பிடுங்கள். 'காரணமில்லை' என்பது அடிக்கடி வந்தால் வெட்கப்பட வேண்டாம். தானியம் ஏன் அப்படி விழுகிறது என்று புறாவுக்குத் தெரியாது. உங்களுக்கு இப்போது தெரியும்.