ஒட்டிக்கிடக்கும் கண்கள்

மாடிப்படிக்கு அடியில் பூனை ஈன்ற குட்டிகளில் ஒன்றிரண்டுக்குக் கண் ஒட்டியே கிடக்கும். "பிறவிக் குருடு போல" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். பெரும்பாலும் அது பிறவிக் குறை அல்ல, தொற்று. சீக்கிரம் கவனித்தால் பார்வையைக் காப்பாற்றிவிடலாம்.

பூனைக்குட்டிகள் கண் மூடியபடிதான் பிறக்கின்றன. சுமார் 7 முதல் 14 நாட்களில் இமைகள் பிரியும். அதற்கு முன்பே மூடிய இமை புடைத்துக்கொண்டிருந்தால் உள்ளே சீழ் கட்டியிருக்கிறது என்று பொருள். இமையை நாமே பிரிக்கக் கூடாது. அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

கண் திறந்த குட்டிகளுக்கு இந்நோயைத் தருவதில் முதலிடம் பூனைகளுக்கான ஹெர்பிஸ் வைரஸுக்கு. கலிசி வைரஸும் கிளமிடியா என்ற பாக்டீரியாவும் உடன் சேரும். ஹெர்பிஸ் ஒருமுறை புகுந்தால் நரம்பில் ஆயுள் முழுக்கப் பதுங்கியிருக்கும். பிரசவமும் பாலூட்டலும் தாயின் உடலை வாட்டும்போது அது மறுபடி கிளம்பி, தாய் நக்கும்போதும் தும்மும்போதும் குட்டிகளுக்குத் தொற்றும்.

முதலில் கண்ணில் வெறும் நீர் வடியும், குட்டி தும்மும். பிறகு நீர் மஞ்சளாகக் கெட்டியாகி, பீளை காய்ந்து இரண்டு இமைகளையும் ஒட்டிவிடும். உள்ளே கருவிழியில் புண் உண்டாகும். புண் ஆழமானால் விழியே உடைந்துபோகலாம்.

கொதித்து ஆறிய வெதுவெதுப்பான நீரில் பஞ்சை நனைத்து, ஒட்டிய இமைமேல் சற்று நேரம் வையுங்கள். பீளை ஊறியதும் மூக்கோரத்திலிருந்து வெளிப்பக்கமாகத் துடையுங்கள். ஒவ்வொரு கண்ணுக்கும் தனிப் பஞ்சு. முன்னும் பின்னும் கைகளைச் சோப்பால் கழுவுங்கள். மருத்துவர் தரும் களிம்பைச் சொன்ன நாள்வரை போடுங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் சொட்டு மருந்து வேண்டாம். அதில் ஸ்டீராய்டு இருந்தால் புண் பெரிதாகும். காய்ச்சலுக்கென்று பாரசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். பூனைக்கு அது விஷம்.

மூக்கடைத்த குட்டிக்கு வாசனை தெரியாது. வாசனை தெரியாவிட்டால் சாப்பிடாது. திட உணவு தின்னும் வயதென்றால் லேசாகச் சூடாக்கிக் கொடுங்கள். பால்குடிக் குட்டிக்குப் பசும்பால் வயிற்றுப்போக்கைத் தரும். குட்டிகளுக்கான பால்மாவே நல்லது.

6 முதல் 8 வாரத்தில் தடுப்பூசியைத் தொடங்கி, 16 வாரம்வரை 3–4 வார இடைவெளியில் போட வேண்டும். தொற்றை அது முழுதாகத் தடுக்காவிட்டாலும் நோயின் கடுமையைக் குறைக்கும். உங்கள் தெருவில் கண் ஒட்டிய குட்டி இருந்தால் நாளைக்கென்று தள்ளிப்போடாதீர்கள். அரசு கால்நடை மருத்துவமனைக்கு இன்றே எடுத்துச் செல்லுங்கள்.