போர்முனையில் இடம் உண்டு. வாக்காளர் பட்டியலில் இல்லை!

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலம். 1948ஆம் ஆண்டு வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கப் போனார் மிகேல் ட்ருஹியோ. பள்ளி ஆசிரியர். இரண்டாம் உலகப் போரில் மரைன் படையில் சார்ஜன்டாக இருந்தவர். ஆனால், அவர் இஸ்லெட்டா என்ற பூர்வகுடி ஊரைச் சேர்ந்தவர். அதனால் அதிகாரி அவர் பெயரைச் சேர்க்க மறுத்துவிட்டார்.

‘வரி செலுத்தாத இந்தியருக்கு’ ஓட்டு இல்லை என்றது அந்த மாநில அரசியல் சட்டம். நாம் செவ்விந்தியர் என்று படித்த பூர்வகுடிகளைத்தான் அங்கே அப்படி அழைத்தார்கள். பூர்வகுடிகள் அனைவரும் அமெரிக்கக் குடிமக்கள் என்று நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது 1924இல். 24 ஆண்டுகள் கழித்தும் இந்த நிலை!

பக்கத்து மாநிலமான அரிசோனா இன்னொரு காரணம் சொன்னது: பூர்வகுடிகள் அரசின் காப்பில் வாழ்பவர்கள், ஆகவே ஓட்டுப் போடும் தகுதி இல்லை.

காப்பாற்றிய மொழி

இந்த இரு மாநிலங்களிலும் வாழ்பவர்கள் நவஹோ மக்கள். அவர்கள் பிள்ளைகளை அரசு விடுதிப் பள்ளிகளில் அடைத்து, தாய்மொழியில் பேசினால் தண்டித்தார்கள். சோப்புப் போட்டு வாயைக் கழுவியதும் உண்டு.

1942இல் ஜப்பானுடனான போரில் அதே மொழி அரசுக்குத் தேவைப்பட்டது. 29 நவஹோ இளைஞர்கள் தங்கள் மொழியில் ஒரு ரகசியக் குறியீட்டை உருவாக்கினார்கள். டாங்கி என்றால் ஆமை. கையெறி குண்டு என்றால் உருளைக்கிழங்கு. நீர்மூழ்கி என்றால் இரும்பு மீன். அமெரிக்காவுக்கு அவர்கள் வைத்த பெயர் ‘நம் தாய்’.

பின்னர் சுமார் 400 பேர் இந்தப் பணியில் சேர்ந்தார்கள். 1945இல் இவோ ஜிமா தீவுப் போரின் தொடக்கத்தில் மட்டும் 800க்கும் மேற்பட்ட செய்திகளைப் பிழையில்லாமல் அனுப்பினார்கள். அந்தக் குறியீட்டை எதிரியால் கடைசிவரை உடைக்க முடியவில்லை. ஆனால், போர் முடிந்து வீடு திரும்பியவர்களுக்கு அந்தத் ‘தாய்’ ஓட்டுரிமைகூடக் கொடுக்கவில்லை.

வழக்குமன்றத்தில் வென்றது

ட்ருஹியோ சும்மா இருக்கவில்லை. வழக்குத் தொடுத்தார். 1948 ஆகஸ்டில் கூட்டாட்சி நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அதற்கு முந்தைய மாதம் அரிசோனாவிலும் பூர்வகுடிகள் தொடுத்த வழக்கு வென்றது. அதைத் தொடுத்த இருவரில் ஒருவரான ஃபிராங்க் ஹாரிசனும் போரிலிருந்து திரும்பியவர்தான்.

குறியீட்டை உருவாக்கிய 29 பேருக்கும் தங்கப் பதக்கம் வழங்கியது 2001இல். அப்போது அவர்களில் ஐந்து பேரே உயிரோடு இருந்தார்கள். 2025 மார்ச்சில் ராணுவ இணையதளங்களிலிருந்து அவர்களைப் பற்றிய பக்கங்கள் நீக்கப்பட்டன. எதிர்ப்பு எழுந்த பிறகே திரும்பி வந்தன. மேலிருந்து கொடுத்த பெருமையை மேலிருந்தே அழித்துவிட முடிகிறது. போராடிப் பெற்ற உரிமையை அத்தனை எளிதில் அழிக்க முடியாது.

நமக்கும் தெரிந்த கதைதான். அண்ணல் அம்பேத்கரின் தந்தை ராம்ஜி, ஆங்கிலேயர் படையில் சுபேதார். மகார் வீரர்களை வைத்துப் போர்களை வென்ற அதே அரசு, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவர்களைப் படையில் சேர்ப்பதை நிறுத்தியது. மீண்டும் உலகப் போர் வந்து ஆள் தேவைப்பட்டபோது, 1941இல் மகார் படைப்பிரிவு உருவானது.

நம் ஊர்ச் சேரிகளிலும் முன்னாள் ராணுவத்தினர் இருக்கிறார்கள். குடியரசு நாளில் கொடியேற்ற அவர்களை அழைப்போம். கூடவே மாணவர்கள் இன்னொன்றும் கேட்க வேண்டும்: சீருடையைக் கழற்றிய பிறகு அவருக்கு ஊர்த் தெருவிலும், கோயில் வாசலிலும், சுடுகாட்டிலும் சம இடம் இருக்கிறதா?