பிரில்லியானா ஹார்லி: முற்றுகைக்குள் ஒரு தாய்

இங்கிலாந்தின் பிராம்ப்டன் பிரையன் கோட்டையில் பெரும்பாலும் மிஞ்சியிருப்பது வாயில் கட்டடம்தான். மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் இடையிலான உள்நாட்டுப் போரில், 1643 ஜூலையில் மன்னர் சார்புப் படை இந்தக் கோட்டையைச் சூழ்ந்தது. உள்ளே இருந்தவர் பிரில்லியானா ஹார்லி. அவர் கணவர் சர் ராபர்ட் லண்டனில், நாடாளுமன்றத்தின் பக்கம். அக்கம்பக்கத்துப் பிரபுக்களோ மன்னர் பக்கம். நேற்றுவரை விருந்துக்கு வந்தவர்கள்!

மூத்த மகன் நெட் ஆக்ஸ்ஃபர்டில் படித்தபோது, அவனுக்கு ஆட்டுக்குட்டி இறைச்சி வைத்துச் சுட்ட பை பலகாரம் அனுப்பி, உடம்பைப் பார்த்துக்கொள் என்று ஓயாமல் எழுதியவர் இவர். போர் வந்ததும் அதே கடிதங்களில் பகைவர் பற்றிய அச்சமும் சேர்ந்துகொண்டது.

சரணடையச் சொன்னவர்களுக்கு, கணவர் ஒப்படைத்த வீட்டை அவர் சொல்லாமல் விட முடியாது என்று மரியாதையாகவே பதில் எழுதினார். அந்தப் பணிவில் கெட்டிக்காரத்தனமும் உண்டு. சின்னப் பிள்ளைகளுடன் ஏறத்தாழ ஏழு வாரம் தாக்குப்பிடித்தார். முற்றுகை விலகிய மறுமாதமே, அக்டோபரில், நோயுற்று இறந்தார். கோட்டை 1644இல்தான் வீழ்ந்தது.