தொடக்கப் பள்ளியில் இசை வகுப்பு

கர்நாடக மாநிலத்தில் கொள்ளேகாலிலிருந்து ஹனூர் வழியாக மாதேஸ்வரன் மலைக்குச் செல்லும் சாலையில் அமைந்துள்ள சிற்றூர் கௌதள்ளி. இவ்வூரை உள்ளடக்கிய பழைய கொள்ளேகால் வட்டம் 1956 வரை சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்திலும், பின்னர் 1997 வரை மைசூர் மாவட்டத்திலும் இருந்தது. இப்போது சாமராஜநகர் மாவட்டத்தைச் சேர்ந்துள்ளது. சிவராத்திரி, உகாதி, தீபாவளி விழாக்களின்போது கன்னடம் பேசுவோரும் தமிழ் பேசுவோருமாக அடியார் பலர் மலைக்குச் செல்கின்றனர். மாதேஸ்வரர் வரலாற்றைப் பாடும் 'தேவர குட்டர்கள்' கம்சாளே என்னும் பித்தளைத் தாளத்தை ஒலிப்பர். ஒரு கையில் கிண்ண வடிவத் தாளம்; மறு கையில் கயிறு கோத்த தட்டையான தாளம். இரண்டும் மோதுகையில் பாட்டின் நடை பிறக்கிறது.

இத்தகைய வட்டாரத்தில் வளரும் குழந்தை, எழுத்தறியும் முன்னரே தாளத்தை அறிந்து பள்ளிக்கு வருகிறது. அந்த அறிவைப் பள்ளி வளர்க்கிறதா என்பதே இங்கு ஆராயத்தக்கது.

எழுத்துக்குத் துணையான பாட்டு

பழைய மைசூர்ப் பகுதிக்கு இத்துறையில் சிறந்ததோர் அனுபவம் உண்டு. 1995-இல் மைசூர் மாவட்டம் ஹெக்கடதேவனகோட்டை வட்டத்தில் யுனிசெப் உதவியுடன் 'நலி-கலி' என்னும் கற்பித்தல் முறை தொடங்கப்பெற்றது. 'மகிழ்ந்து கற்றல்' என்பது இதன் கருத்து. பல வகுப்புக் குழந்தைகள் ஒரே அறையில் அமர்ந்து, அட்டைகளைக் கொண்டு தத்தம் வேகத்தில் கற்கும் இம்முறையில் பாட்டும் ஆட்டமும் கதையும் இடம்பெற்றன. பின்னர் இது மாநிலத்தின் பிற அரசுப் பள்ளிகளுக்கும் பரவியது.

இதனால் தொடக்க வகுப்புகளில் பாட்டொலி கேட்கலாயிற்று. எனினும், எழுத்தையும் எண்ணையும் நினைவில் நிறுத்தப் பாடும் பாட்டு ஒன்று. செவியையும் குரலையும் பயிற்றும் இசை வகுப்பு மற்றொன்று. முன்னது இருப்பதால் பின்னது தேவையில்லை எனக் கருதுவது பொருந்தாது.

குழந்தை கற்பன யாவை?

முதலாவது, கேட்டல். ஒலியில் உயர்ந்தது எது, தாழ்ந்தது எது, நீண்டது எது, குறுகியது எது என வேறுபடுத்தி அறியக் குழந்தை பழக வேண்டும். கண்களை மூடச் செய்து, பித்தளைச் செம்பு, மரப்பலகை, சிரட்டை ஆகியவற்றைத் தட்டி, ஒலித்தது எது எனக் கேட்பதே போதுமான தொடக்கப் பயிற்சியாகும்.

இரண்டாவது, தாளம். ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையில், ஒரு தட்டும் மூன்று விரல் எண்ணலும் முதல் நான்கு. தட்டும் வீச்சுமாக இருமுறை செய்வது அடுத்த நான்கு. இதைக் கையால் போடுகையில் குழந்தை எண்ணவும், காத்திருக்கவும், பிறருடன் இணைந்து செல்லவும் கற்கிறது.

மூன்றாவது, குரல். குழந்தையின் குரல் இயல்பாகவே உயர்ந்த சுருதியுடையது. ஆசிரியர் தமக்கு எளிதான தாழ்ந்த சுருதியில் தொடங்கினால், குழந்தைகள் கீழ்ச்சுரங்களை எட்ட இயலாது முணுமுணுப்பர். உரத்துப் பாடுமாறு கட்டளையிட்டால் கத்துவர். சுருதியைச் சற்று உயர்த்தினாலே இக்குறை பெரிதும் நீங்கும். இசை வராத குழந்தை எனத் தள்ளப்படுவோரில் சிலர், உண்மையில் பொருந்தாச் சுருதியில் பாடவைக்கப்பட்டவர்களே.

நான்காவது, சுரம். மாயாமாளவகௌளை இராகத்தில் சரளி வரிசைகளைத் தொடங்கும் முறையை வகுத்தவர் கன்னட நாட்டுப் புரந்தரதாசர் (1484-1564) என்பது மரபு. தமிழ்நாட்டுக் குழந்தையும் கர்நாடகக் குழந்தையும் இன்றும் அவ்வழியிலேயே தொடங்குகின்றனர். முதற்காலத்தில் எண்ணிக்கைக்கு ஒரு சுரம், இரண்டாங்காலத்தில் இரண்டு, மூன்றாங்காலத்தில் நான்கு எனப் பாடுகையில், இரட்டித்தல் என்னும் கணக்கு நாவிலேயே பதிகிறது.

ஐந்தாவது, பாட்டு. ஏறத்தாழ 52 வினாடிகளில் பாடி முடிக்கும் நாட்டுப்பண், தாலாட்டு, விளையாட்டுப் பாட்டு, ஊர்ப் பாட்டு ஆகியன இதில் அடங்கும். வீட்டில் தமிழ் பேசும் குழந்தையும், மலைவாழ் சோலிகர் குழந்தையும் தம் வீட்டுப் பாட்டொன்றை வகுப்பிற்குக் கற்பிக்கும் நாளில், அதுவரை பேசத் தயங்கிய குழந்தை ஆசிரியர் நிலைக்கு உயர்கிறது.

யார் கற்பிப்பது?

2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு, பத்தாம் வகுப்பு வரை கலைக்கல்வி பாடமாக இடம்பெற வேண்டுமென வலியுறுத்தியது. 2024-இல் மூன்றாம் வகுப்புக்கு 'பான்சுரி' என்னும் கலைப் பாடநூலைத் தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சி மன்றம் வெளியிட்டது. நூல் உண்டு, ஆசிரியர் எங்கே?

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் 100-க்கு மேற்பட்ட குழந்தைகள் இருந்தால் கலைக்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் தேவை என்கிறது. ஒன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகளுக்கு அத்தகைய ஏற்பாடு இல்லை. அங்கு 60 குழந்தைகள் வரை இரு ஆசிரியர்களே அளவு. செவியும் குரலும் எளிதில் பயிலும் பருவத்தில்தான் இசையாசிரியர் இல்லை.

ஆகவே, வகுப்பாசிரியரையே இதற்கு ஆயத்தப்படுத்துவது உடனடி வழியாகும். 1979-இல் நிறுவப்பெற்ற பண்பாட்டு வளங்கள், பயிற்சி மையம் ஆசிரியர்களுக்குப் பல மொழிப் பாடல்களைக் கற்பித்து வருகிறது. அங்கேரி நாட்டில் இசைமேதை கோடாய் காட்டிய வழியில், 1950-இல் கெச்கெமேட் நகரில் பாட்டை முதன்மையாகக் கொண்ட தொடக்கப் பள்ளி தொடங்கப்பெற்றது. விலையுயர்ந்த கருவியன்று, மனிதக் குரலே இசைக்கல்வியின் அடிப்படை என்பது அவர் கொள்கை. வசதி குறைந்த பள்ளிகளுக்கு இதைவிடப் பொருத்தமான கொள்கை இல்லை. ஊரிலுள்ள கம்சாளேக் கலைஞரைத் திங்களுக்கு ஒருமுறை, உரிய ஊதியத்துடன் வகுப்பிற்கு அழைப்பதும் பயனளிக்கும்.

நகரத்துப் பெற்றோர் கட்டணம் செலுத்தித் தனியே இசை பயிற்றுவிக்க இயலும். சிற்றூர்க் குழந்தைக்கு ஊர்ப்பள்ளியே ஒரே இசைக்கூடம். அங்கு இசை வேளை கால அட்டவணையில் மட்டும் இருந்து, கணக்குக்கோ படிவம் நிரப்பும் பணிக்கோ செலவிடப்படுமானால், அக்குழந்தைக்கு அதை ஈடுசெய்ய வேறு வாய்ப்பு இல்லை. வாரத்தில் அந்த ஒரு பாடவேளையைக் காப்பதே இசைக்கல்விக்கான முதற்பணியாகும்.