வெண்மை ஒன்றே பல்லின் நலமாகுமா?

திருமணமோ திருவிழாவோ நெருங்கும் வேளைகளில் நம் தோட்ட லயங்களில் ஒரு காட்சியைக் காணலாம். குழாயடியில் நின்று, கரியைப் பொடித்து உப்புடன் கலந்து, ஈறு சிவக்கும்வரை பல் தேய்ப்போர் சிலர். செங்கல் தூளையும் சாம்பலையும் நம்பியோர் முன்பு பலர். இந்நாளிலோ கைத்தொலைபேசி வழியாக விற்கப்படும் கரித்தூளும் வெண்மைப் பசையும் அவற்றின் இடத்தைப் பிடித்துள்ளன. கருவி மாறினும் நோக்கம் ஒன்றே: பல் வெள்ளை வெளேரெனத் தோன்ற வேண்டும் என்பது.

இந்த விருப்பத்தில் தவறில்லை. ஆயினும், வெண்மையே பல்லின் நலம் என எண்ணுவது தவறு. அவ்வெண்ணம் நல்ல பல்லைக் கெடுப்பதோடு, வாயில் தோன்றும் பெருநோயின் அடையாளத்தைக் காணாதவாறு நம் கண்ணையும் மறைத்துவிடக் கூடும்.

பல்லின் இயற்கை நிறம்

பல்லின் மேற்புறத்தைப் போர்த்தியிருப்பது எனாமல். மனித உடலில் உள்ள பொருள்களுள் மிகக் கடினமானது இதுவே. எலும்பு முறிந்தால் மீண்டும் கூடும். தோல் கிழிந்தால் மீண்டும் வளரும். எனாமலோ தேய்ந்தால் மீண்டும் வளர்வதில்லை. அதன் அடியில் டென்டின் என்னும் இளமஞ்சள் நிறப் பகுதி உள்ளது. எனாமல் ஓரளவு ஒளி ஊடுருவும் தன்மை உடையதாதலின், அடியிலுள்ள மஞ்சள் சற்றே வெளியில் தெரியும். ஆகவே, சிறிது மஞ்சள் கலந்த நிறமே பெரும்பாலோரின் பல்லுக்கு இயற்கையானது. வயது ஏற ஏற எனாமல் மெலிவதால் அம்மஞ்சள் மேலும் தெளிவாகத் தெரிகிறது.

இதிலிருந்து ஓர் உண்மை விளங்கும். கரித்தூள், செங்கல் தூள், மணல் போன்ற சொரசொரப்பான பொருள்களால் பல்லைத் தேய்த்தால், மேலே படிந்த கறை நீங்கி, முதலில் சில நாள் பல் பளிச்சிடும். தொடர்ந்து தேய்க்கும்போது எனாமல் கரைந்து, அடியிலுள்ள மஞ்சள் முன்னினும் மிகுதியாகத் தோன்றும், பல் கூசத் தொடங்கும், ஈறும் கீழிறங்கும். எலுமிச்சைச் சாற்றைத் தேய்ப்பதும் அத்தகையதே. அதிலுள்ள அமிலம் எனாமலை மென்மையாக்கிக் கரைத்துவிடும். வெண்மையை நாடிச் சென்றவர் மஞ்சளையே பெற்றுத் திரும்புகிறார்.

கறை படியும் விதம்

கறைகள் இருவகைப்படும். வெளியிலிருந்து படிபவை ஒருவகை. தேநீர், காப்பி, வெற்றிலை பாக்கு, சிகரெட் ஆகியவற்றால் வருபவை இவை. பாக்கிலுள்ள துவர்ப்புப் பொருள் சுண்ணாம்புடன் சேரும்போது சிவந்து, நாளடைவில் பல்லில் கருஞ்சிவப்புக் கறையாக உறைகிறது. துலக்காது விட்ட பல்லில் படியும் அழுக்கு, உமிழ்நீரிலுள்ள தாது உப்புகளால் இறுகிக் காரையாகும். காரையின் மேல் கறை எளிதில் பற்றும்.

உள்ளிருந்து தோன்றுபவை மற்றொரு வகை. கருவுற்ற தாய்மாரோ எட்டு வயதுக்குட்பட்ட சிறுவரோ டெட்ராசைக்ளின் மருந்தை உட்கொண்டால், வளரும் பல்லில் மஞ்சளோ பழுப்போ நிலைத்துவிடக் கூடும். அடிபட்டு உயிரிழந்த பல்லும் கருக்கும். இவற்றை எவ்வளவு தேய்த்தாலும் பயனில்லை.

வெளிக்கறையையும் காரையையும் பல் மருத்துவர் தக்க கருவிகொண்டு நீக்குவார். பலருக்கு இது ஒன்றே போதுமானது. அதற்கு மேலும் வெண்மை வேண்டுவோருக்குப் பெராக்சைடு கலந்த மருந்தால் நிறத்தை வெளிறச் செய்யும் முறை உண்டு. எனினும் சொத்தையும் ஈறு நோயும் முதலில் குணமாக்கப்பட வேண்டும். இம்முறையால் சில நாள் பற்கூச்சம் ஏற்படலாம். பெற்ற வெண்மையும் நிலையானதன்று. உரிமம் இல்லாதோர் அழகு நிலையங்களிலும் விடுதி அறைகளிலும் இதனைச் செய்வது நம் நாட்டில் குற்றமாகும். 2022-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த 2018-ஆம் ஆண்டின் பல் மருத்துவச் சட்டம் இதற்குக் கடுந்தண்டனை விதிக்கிறது. மலிவு கருதி அத்தகையோரிடம் செல்வோர் ஈறு வெந்து அரசாங்க மருத்துவ நிலையத்தை நாட நேரிடும்.

அஞ்சத்தக்க வெண்மை

பல் வெண்மையாக வேண்டும் என விரும்பும் நாம், வாயின் உட்புறத்தில் வெண்மை தோன்றினால் மட்டும் பொருட்படுத்துவதில்லை. அங்கேதான் ஆபத்து இருக்கிறது.

வெற்றிலையோடு புகையிலையும் சேர்த்து மெல்லுவது புற்றுநோய் உண்டாக்கும் என்பதை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1985-ஆம் ஆண்டிலேயே அறிவித்தது. 2003-ஆம் ஆண்டு கூடிய அதன் அறிஞர் குழு, புகையிலை சேராவிடினும் பாக்கே புற்றுநோய்க்குக் காரணமாகும் என முடிவு செய்தது. "நான் புகையிலை போடுவதில்லை, வெறும் பாக்குத்தானே" என்னும் ஆறுதல் பொருளற்றது என்பது இதனால் தெளிவாகும். மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் இந்தியர்களிடையே, குறிப்பாகப் பெண்களிடையே, மிகுந்து காணப்படுவதற்கு இப்பழக்கம் முக்கிய காரணமாகும். சுகாதார அமைச்சு 1997-ஆம் ஆண்டில் தொடங்கிய வாய்ப் பரிசோதனைத் திட்டத்தில் தோட்டங்கள் இடம்பெற்றதும் இதனாலேயே.

கன்னத்தின் உட்புறத்தில் துடைத்தாலும் நீங்காத வெண்படலம், சிவந்த திட்டு, இரண்டு வாரம் கடந்தும் ஆறாத புண், தடிப்பு, காரம் பட்டால் எரிச்சல், வாய் திறக்க இயலாது இறுகுதல் ஆகியவை எச்சரிக்கைகள். முன்பு மூன்று விரல்களைச் செங்குத்தாக அடுக்கி வாயில் நுழைக்க முடிந்தவருக்கு இப்போது இயலவில்லையாயின் உடனே மருத்துவரைக் காண்க. தொடக்கத்தில் இவற்றில் வலி இருப்பதில்லை. "வலிக்கவில்லையே" என்று காத்திருந்தோர் காலந்தாழ்த்தியே மருத்துவமனைக்கு வருகின்றனர். தொடக்கத்திலேயே கண்டால் குணமாக்கும் வாய்ப்பு மிகுதி. தாம்பூலத் தட்டு நம் மங்கல நிகழ்ச்சிகளில் மரியாதைக்குரியது. அம்மரியாதையைக் காக்க, பாக்கை நாள்முழுதும் கன்னத்தில் அடக்கி வைக்க வேண்டியதில்லை.

நாள்தோறும் செய்ய வேண்டியவை

பெரட்டுக்கு விரையும் விடியற்பொழுதில் பல் துலக்க நேரமில்லை என்பர் சிலர். இரண்டு நிமிடமே போதும். காலையில் ஒரு முறையும் உறங்குமுன் ஒரு முறையும், மென்மையான தூரிகையால், புளோரைடு கலந்த பற்பசைகொண்டு துலக்க வேண்டும். இரவுத் துலக்கலைத் தவறவிடலாகாது. உறக்கத்தில் உமிழ்நீர் குறைவதால் கிருமிகளுக்கு அதுவே வேட்டைக் காலம். துலக்கியபின் நுரையைத் துப்பினால் போதும். நீர்விட்டுப் பலமுறை கொப்பளித்தால் புளோரைடும் போய்விடும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அரிசி மணியளவும், ஆறு வயதுவரை பட்டாணி அளவும் பற்பசை போதுமானது.

நம் நாட்டில் குழாய் நீரில் புளோரைடு சேர்க்கும் பணி 1957-இல் ஜொகூரில் தொடங்கி, 1972-இல் நாடளாவிய கொள்கையாயிற்று. கிணற்று நீரையோ ஆற்று நீரையோ பயன்படுத்தும் தோட்டங்களுக்கு அப்பயன் கிட்டுவதில்லை. அங்கு வாழ்வோருக்குப் பற்பசையின் தேவை மேலும் அதிகம். ஆலங்குச்சியும் வேப்பங்குச்சியும் அழுக்கை நீக்கும், புளோரைடைத் தருவதில்லை.

பால்மரக் காட்டில் தேநீர்ப் புட்டியை வைத்துக்கொண்டு காலை முழுதும் சிறிது சிறிதாகப் பருகுவது நம் வழக்கம். ஒவ்வொரு மிடறிலும் உள்ள சர்க்கரையைக் கிருமிகள் அமிலமாக்குகின்றன. அரை மணி நேரம்வரை அது பல்லை அரிக்கிறது. ஆகவே, இனிப்புத் தேநீரை ஒரே வேளையில் பருகிவிட்டு, இடையிடையே வெறும் நீரைக் குடிப்பது நன்று. டின்பாலில் ஏறத்தாழப் பாதியளவு சர்க்கரையே. அதனைப் புட்டியில் கலந்து குழந்தையின் வாயில் வைத்து உறங்கச் செய்வது, முளைக்கும் பல்லை முளையிலேயே கெடுப்பதாகும்.

மாதம் ஒருமுறை, வெளிச்சத்தில் கண்ணாடியின் முன் நின்று, கன்னத்தின் இருபுறம், நாக்கின் ஓரம், நாக்கின் அடி, ஈறு ஆகியவற்றை உற்று நோக்குக. லயத்தில் உள்ள முதியோருக்கு இளையோர் இதில் உதவலாம். ஆண்டுக்கு ஒருமுறையேனும் அரசாங்கப் பல் மருத்துவ நிலையத்திற்குச் செல்க. நடமாடும் பல் மருத்துவக் குழு தோட்டத்திற்கு வரும் நாளில், "எனக்குப் பல்வலி இல்லையே" என்று ஒதுங்காதீர்கள். பல்லை மட்டுமன்று, வாய் முழுவதையும் பார்ப்பதற்கே அவர்கள் வருகின்றனர்.

பல் போனால் சொல் போயிற்று என்பர். கறை படிந்த பல்லோடும் ஒருவர் நூறாண்டு நலமாக வாழலாம். வாயில் வளரும் நோயைக் கவனியாது விட்டால் அவ்வாறு வாழ இயலாது. அடுத்த முறை கண்ணாடியின் முன் நிற்கையில், பல்லின் நிறத்தைப் பார்த்ததோடு நில்லாமல் வாயையும் சற்றே அகலத் திறந்து பார்ப்போமாக.